உ.வே.சா.வை உ.வ.ச. ஆக்காமல் இருக்க: தமிழ்ப் பெயரை எங்கே வெட்டுவது?

உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர், சாமிநாதன். இந்த மூன்றையும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் எழுத்தை எடுத்துப் புள்ளி வைத்துச் சேர்க்கச் சொன்னேன். ‘உ.வ.ச.’ என்று வந்தது. தமிழ்த் தாத்தாவுக்கே இந்தக் கதி என்றால் உறுப்பினர் பட்டியலில் இருக்கும் சாதாரண மனிதர்களை நினைத்துப் பாருங்கள்.

நான் நினைத்துப் பார்க்காமல்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு உறுப்பினர் அட்டை தயாரிக்கும் வேலை. தந்தை பெயர் ஒரு ஃபீல்டு, உறுப்பினர் பெயர் ஒரு ஃபீல்டு. அட்டையில் முன்னெழுத்தும் பெயரும் வர வேண்டும். சப்ஸ்ட்ரிங்(தந்தை_பெயர், 1, 1) என்று ஒரே வரி எழுதினேன், 1-ஆம் இடத்திலிருந்து ஒன்றை மட்டும் வெட்டித் தா என்று பொருள். சோதிக்காமலும் விடவில்லை. ஆங்கிலத்தில் பத்துப் பெயர், தமிழில் நான்கு: கந்தசாமி, அருணாசலம், பழனி, இளங்கோ. எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. அட்டை கொடுத்த அன்று ஒரு பெரியவர் கவுன்டருக்குத் திரும்பி வந்தார். “தம்பி, எங்கப்பா பேரு கோவிந்தன். இதுல ‘க’ன்னு போட்டிருக்கு. வேற யாரோட மகன்னு நினைச்சிட்டீங்க?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பெட்டியில் மிச்சமிருந்த அட்டைகளில் முருகேசன்களும் சீனிவாசன்களும் இருந்தார்கள்.

நான் சோதித்த நான்கு தமிழ்ப் பெயர்களும் அகர மெய்யிலோ உயிரெழுத்திலோ தொடங்குபவை. கொம்போ காலோ இல்லாத பெயர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன், தெரியாமலேயே.

அதற்குப் பிறகு இந்த வெட்டும் வேலையை எங்கே வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். டேட்டாபேஸின் சப்ஸ்ட்ரிங்கையே நம்புவதா, அதே டேட்டாபேஸுக்குள் ரெஜெக்ஸ் (தேட வேண்டிய உருவைக் குறிகளால் சொல்லும் முறை) எழுதுவதா, வெளியே அப்ளிகேஷன் கோடில் வெட்டுவதா, அல்லது வெட்டவே வேண்டாம் என்று தனி ஃபீல்டு வைப்பதா? நான்கையும் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்னெழுத்துக்குத் தனி ஃபீல்டு, அகரவரிசைத் தலைப்புக்கு வெறும் சப்ஸ்ட்ரிங், இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றுக்கு ரெஜெக்ஸ். ஏன் என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள்.

மூன்று எண்ணிக்கை

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். த, மி, ழ். டேட்டாபேஸைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் ம வேறு, அதன் மேல்விலங்கு வேறு. ழ வேறு, அதன் புள்ளி வேறு. வட்டில் போய்ப் பார்த்தால் 15 பைட். யூனிகோட் தனி எண் கொடுத்திருக்கும் ஒவ்வொன்றையும் கோட் பாயிண்ட் என்பார்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் கோட் பாயிண்டுக்கும் மூன்று பைட் ஆகிறது.

சப்ஸ்ட்ரிங் எண்ணுவது நடுவில் உள்ள ஐந்தை. இதில் அதன் தவறு ஒன்றும் இல்லை. ‘கேரக்டர்’ என்று கையேட்டில் எழுதியிருப்பது கோட் பாயிண்டைத்தான். ‘தமிழ்’ சொல்லில் முதல் இரண்டைக் கேட்டால் ‘தம’, மூன்றைக் கேட்டால் ‘தமி’, நான்கைக் கேட்டால் ‘தமிழ’. கடைசி ஒன்றை மட்டும் வலப்பக்கத்திலிருந்து கேட்டால் வருவது புள்ளி மட்டும். ஏறி உட்கார எழுத்து இல்லாமல், புள்ளியிட்ட ஒரு வட்டத்தின் மேல் அந்தரத்தில் தொங்கும். இந்த வட்டத்தை ஏதாவது திரையில் பார்த்தால், யாரோ எங்கோ தமிழைத் தவறான இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரஸ் திட்டத்தின் சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். சப்ஸ்ட்ரிங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் முதல் சோதனைகள் ‘1234567890’ என்ற எழுத்துச் சரத்தில்தான் நடக்கின்றன. மூன்றாவதிலிருந்து எடு, நான்காவதிலிருந்து மூன்று எடு, இப்படி. இன்னும் கீழே ஒரு விநோதமான வரி இருக்கிறது: ‘ஸ்ட்ரிங்’ என்ற ஆங்கிலச் சொல்லில் 2-ஆம் இடத்திலிருந்து 2147483646 எழுத்துகளை எடு என்கிறது அது. தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டினால் 32 பிட் முழு எண்ணின் உச்சத்தை ஒன்றால் தாண்டும். ஒருகாலத்தில் அங்கே தவறான பிழைச்செய்தி வந்து, திருத்திய பின் அந்த வரி அங்கே நிரந்தரமாகக் குடியேறியது. எஸ்க்யூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸைச் செய்பவர்கள் இன்னும் ஒரு படி மேல். அவர்களுடைய மூலநிரலைப்போல 590 மடங்கு சோதனை நிரல் வைத்திருப்பதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியிருக்க நான் எதற்கு மறுபடி சோதிக்க வேண்டும்? அவர்கள் சோதிப்பது அவர்கள் கொடுத்த வாக்கை. கோட் பாயிண்டைச் சரியாக எண்ணித் தருவேன் என்பது அந்த வாக்கு. ‘கோ’ என்று அட்டையில் வரும் என்று பெரியவருக்கு வாக்குக் கொடுத்தது நான்.

ஐந்து டேட்டாபேஸ், ஒரே சொல்

இடம் 1-இலிருந்து கேட்கும்வரை போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் என்ற ஐந்து டேட்டாபேஸும் ஒரே விடையைத்தான் தருகின்றன. பூச்சியமோ எதிர்ம எண்ணோ கொடுக்கும்போதுதான் ஒவ்வொன்றும் தன் ஊர் வழக்கத்தைக் காட்டும். ‘இதையெல்லாம் யார் கொடுக்கப்போகிறார்கள்’ என்று விட்டுவிடக் கூடாது. ‘இடைவெளி எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்கு முந்தைய இடத்திலிருந்து எடு’ என்று எழுதினால், இடைவெளியே இல்லாத பெயரில் தேடல் 0 தரும், கழித்தால் -1 ஆகும். இது நடக்காத திட்டத்தை நான் பார்த்ததில்லை.

‘தமிழ்’ சொல்லில் 0-ஆம் இடத்திலிருந்து 2 என்று கேட்கிறோம். போஸ்ட்கிரஸும் எஸ்க்யூஎல் சர்வரும் ‘த’ என்கின்றன. 0, 1 என்ற இரண்டு இடங்களில் 0-இல் ஆள் இல்லை, 1-இல் இருப்பதைத் தருகிறேன் என்பது அவற்றின் கணக்கு. எஸ்க்யூலைட்டும் ‘த’ தான். மைஎஸ்க்யூஎல் வெற்றுச் சரத்தைத் தருகிறது. ஆரக்கிள் 0-ஐ 1 என்று எடுத்துக்கொண்டு ‘தம’ தருகிறது. ஒரே கேள்விக்கு மூன்று விடை, எதிலும் பிழைச்செய்தி கிடையாது.

அடுத்து -2-இலிருந்து 2. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், ஆரக்கிள் மூன்றும் வலப்பக்கத்திலிருந்து எண்ணி, ழ-வையும் புள்ளியையும் சேர்த்து ‘ழ்’ தருகின்றன. பார்க்கச் சரியாக இருக்கிறது, ஆனால் அது குருட்டு அதிர்ஷ்டம். கடைசி எழுத்து அகர மெய்யாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். போஸ்ட்கிரஸுக்கும் எஸ்க்யூஎல் சர்வருக்கும் -2, -1 என்ற இடங்களில் யாரும் இல்லை, ஆகவே வெற்றுச் சரம்.

நீளத்தை எதிர்ம எண்ணாகக் கொடுத்தால் போஸ்ட்கிரஸும் எஸ்க்யூஎல் சர்வரும் பிழை காட்டி நிற்கின்றன. எனக்குப் பிடித்த நடத்தை இதுதான். மைஎஸ்க்யூஎல் வெற்றுச் சரம், ஆரக்கிள் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி (ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும் நல்லும் ஒன்றே என்பது தனித் தலைவலி). எஸ்க்யூலைட் மட்டும் அந்த இடத்துக்கு முன்னால் உள்ளவற்றைத் தரும்: 4-ஆம் இடம், நீளம் -2 என்றால் ‘மி’ வரும். அழகான வசதிதான். ஆனால் எஸ்க்யூலைட்டில் டெஸ்ட் ஓட்டிவிட்டு மைஎஸ்க்யூஎல்லில் நேரலைக்குப் போகிறவர்களுக்கு இது கண்ணி. டெஸ்டுக்கு ஒரு டேட்டாபேஸ், உண்மைக்கு இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் சப்ஸ்ட்ரிங் விஷயத்திலாவது அதைக் கைவிடுவது நல்லது.

போஸ்ட்கிரஸில் இன்னொரு சில்லறைத் தொல்லை உண்டு. சப்ஸ்ட்ரிங்குக்கு இரண்டாவதாக எண் கொடுத்தால் இடம், சரம் கொடுத்தால் ரெஜெக்ஸ். யாராவது 1-ஐ மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் ‘1’ என்ற உருவைப் பெயருக்குள் தேடப்போகும். பெயரில் 1 இருக்காது, நல் வரும். இடத்தை வைத்து வெட்டும் வேலைக்கு சப்ஸ்டர் என்ற குட்டிப் பெயரையே பயன்படுத்துங்கள், அதற்கு ரெஜெக்ஸ் முகம் இல்லை.

நீளம் கேட்கும் ஃபங்ஷன்களிலும் இதே கூத்து. போஸ்ட்கிரஸிலும் எஸ்க்யூலைட்டிலும் ‘லெங்த்’ 5 என்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் அதே ‘லெங்த்’ பைட்டை எண்ணி 15 என்கிறது, 5 வேண்டுமானால் ‘சார்_லெங்த்’ கேட்க வேண்டும். ‘பாதி நீளத்துக்கு வெட்டு’ என்று ஒருவர் எழுதிய குவெரி, போஸ்ட்கிரஸில் வெட்டியது, மைஎஸ்க்யூஎல்லில் முழுப்பெயரையும் அப்படியே தந்தது. பாதி என்பதே ஏழரை ஆகிவிட்டது, இருப்பதோ ஐந்து.

ஆரக்கிளில் சொல்ல வேண்டியது ஃபீல்டின் அகலம். வார்கார்2(30) என்று போட்டால், அமைப்பை மாற்றாதவரை, அது 30 பைட். வேங்கடசுப்பையர் என்பது கண்ணுக்கு 9 எழுத்து, 15 கோட் பாயிண்ட், 45 பைட். உள்ளேயே போகாது. அங்கே வெட்டுவதற்கும் சப்ஸ்டர், பைட்டுக்கு ஒன்று, யூனிகோட் முழு எழுத்துக்கு ஒன்று என்று ஒரு குடும்பமே இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் கவனிக்க வேண்டியது வேறு: மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்தைப் போட மறந்தால், யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளை வைக்கவும் ஒப்பிடவும் உள்ள விதி) இல்லாத இடத்தில் ‘தமிழ்’ ஐந்து கேள்விக்குறிகளாக மாறிப்போகும். அப்புறம் எங்கே வெட்டினாலும் கேள்விக்குறிதான்.

தரவுக்குள் ஒளிந்திருப்பவை

ஃபங்ஷனைப் பற்றிப் பேசுவது எளிது. தரவு அப்படியில்லை.

‘பொன்னி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ‘பொ’ என்பதை ப-வும் ஒகரக் குறியும் என இரண்டாக எழுதலாம். ப, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. முதல் இரண்டு கோட் பாயிண்டை எடுத்தால் முதலாவது ‘பொ’, இரண்டாவது ‘பெ’. பொன்னி பெண்ணியாகாத குறைதான். பழைய ஃபாண்டுகளிலிருந்து மாற்றி எடுத்த பட்டியல்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த ஃபாண்டுகளில் கொம்பும் காலும் தனித்தனிச் சாவிகள். இதற்கு மருந்து இருக்கிறது. போஸ்ட்கிரஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் உண்டு, அது பிரிந்ததைச் சேர்த்துவிடும். மற்ற இடங்களில் தரவு உள்ளே வரும்போதே அப்ளிகேஷன் கோடில் செய்துவிடுவது உத்தமம்.

மருந்தில்லாத நோயும் ஒன்று உண்டு. ஔவையாரை ஔகாரத்தில் எழுதாமல், ஒ-வையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஒளவையார்’ என்று தட்டுகிறவர்கள் ஏராளம். கௌதம் ‘கெளதம்’ ஆவதும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது, நார்மலைஸ் தொடாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அது முறையான ளகரம். முன்னெழுத்து ‘ஒ’ என்றோ ‘கெ’ என்றோ வரும். இதற்கென்று ஒரு தேடல் ஓட்டி, கையால் திருத்தியதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பழைய மைஎஸ்க்யூஎல் தளங்களுக்கு இன்னொரு பூதம். 8.0-க்கு முன் அதன் இயல்புக் குறியேற்றம் லத்தீன்-1. தமிழைப் பைட் பைட்டாக அதில் போட்டு, பைட் பைட்டாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த தளங்கள் பல. காட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. சப்ஸ்ட்ரிங் போட்ட நிமிடம் வெளிப்படும்: ‘ஒரு கேரக்டர்’ என்றால் அங்கே ஒரு பைட். த-வின் மூன்று பைட்டுகள் 224, 174, 164. புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. தமிழ்க் கோட் பாயிண்ட் எதை எடுத்தாலும் முதல் பைட் 224 தான். ஆக, அந்த டேட்டாபேஸில் தமிழ்ப் பெயருள்ள அத்தனை பேருக்கும் ஒரே முன்னெழுத்து. சமத்துவம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி, எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியதில் கூடவே வந்த அகலமில்லாத இணைப்பான் ஆகியவையும் இந்த இனமே. முதல் எழுத்தைக் கேட்டால் எதுவுமே இல்லாததுபோல் ஒன்று வரும், ஆனால் வெற்றுச் சரமா என்று கேட்டால் இல்லை என்னும்.

நான்கு வழி

வெறும் சப்ஸ்ட்ரிங்கைத் திட்டிக்கொண்டே வந்துவிட்டேன். அதற்குரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். பெயர்ப் பட்டியலை அ, ஆ, க, ச, த என்று தலைப்பிட்டுப் பிரிக்க வேண்டுமென்றால் அதைவிடச் சிறந்தது இல்லை. கந்தசாமி, காமாட்சி, கிருஷ்ணன், கோவிந்தன் எல்லோரும் ‘க’ தலைப்பின் கீழ் வர வேண்டும், வருகிறார்கள். குறிகளைத் தனியாக வைத்த யூனிகோடின் ஏற்பாடு இங்கே நமக்குச் சாதகம். போஸ்ட்கிரஸில் அந்த சப்ஸ்ட்ரிங் விடையின் மேலேயே இன்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் அட்டவணை) போடலாம், லட்சம் பெயரிலும் உடனே வரும். அட்டையில் தவறாக இருந்த ‘க’ இங்கே சரியான ‘க’.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அறிவித்த டேஸ்-16 குறியேற்றத்தில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு. அதில் ‘கோ’ ஒன்றே ஒன்று, சப்ஸ்ட்ரிங் வெட்டினால் முழுதாக வரும். என் பிரச்சினை முழுக்கத் தீர்ந்திருக்கும். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கிறது, படிக்க அதற்கென்றே ஃபாண்ட் வேண்டும். என் வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் பெயர் அனுப்புகிறவர்கள்.

இரண்டாவது வழி ரெஜெக்ஸ். போஸ்ட்கிரஸில் நான் முதலில் எழுதியது இது:

‘^.[ா-்]*’

ஏதாவது ஒரு கோட் பாயிண்ட், அதன்பின் துணைக்காலில் தொடங்கிப் புள்ளி வரை உள்ள குறிகளில் எத்தனை வந்தாலும் சேர்த்துக்கொள் என்பது பொருள். யூனிகோட் அட்டவணையில் துணைக்காலுக்கும் புள்ளிக்கும் நடுவே இருப்பவை எல்லாம் குறிகள்தான், எழுத்து எதுவும் கிடையாது என்பதால் இந்த ஒற்றை வரம்பு போதும். எடிட்டரில் பார்க்கக் கண்றாவியாக இருக்கும். கால் சதுர அடைப்புக்குறியில் ஒட்டிக்கொள்ளும், புள்ளி கோட்டின் தலையில் ஏறும். ஆனால் வேலை செய்கிறது: கோவிந்தனுக்குக் ‘கோ’, முத்துவேலுக்கு ‘மு’, வேங்கடசுப்பையருக்கு ‘வே’.

ஸ்ரீதரில் இடறும். கிரந்த ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு கோட் பாயிண்ட் அது. மேலே உள்ள உரு ‘ஸ்’ என்று நின்றுவிடும். ‘ஸ்’ என்று முன்னெழுத்து போட்ட அட்டையை எந்த ஸ்ரீதரனும் வாங்கமாட்டார். ஸ்ரீ-யைத் தனி மாற்றாக முன்னால் சேர்த்தேன். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்து எழுதும் ஶ்ரீ-யையும் சேர்த்தேன், பார்வைக்கு இரண்டும் ஒன்றே என்றாலும். க்ஷ-வையும் சேர்த்தேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் ரெஜெக்ஸ் ஐசியு நூலகத்தின் மேல் ஓடுகிறது, அதன் கிளையான மரியாடிபியில் பிசிஆர்இ நூலகத்தின் மேல். இரண்டிலும் பின்சாய்வுக்கோட்டையும் பெரிய எக்ஸையும் சேர்த்து எழுதினால் ‘கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து’ என்று பொருள், கால் கொம்பையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த வசதி போஸ்ட்கிரஸ் ரெஜெக்ஸில் இல்லை. எஸ்க்யூலைட்டில் ரெஜெக்ஸே தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. சப்ஸ்ட்ரிங்கில் போஸ்ட்கிரஸை மெச்சிய நான் இங்கே மைஎஸ்க்யூஎல்லுக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

மூன்றாவது வழி அப்ளிகேஷன் கோட். ஸ்விஃப்டில் ‘தமிழ்’ சொல்லின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்றே வருகிறது, எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிஎச்பியில் கிராஃபீம்_சப்ஸ்டர், ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர், பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகத்தின் ‘கெட்_லெட்டர்ஸ்’ என்று எல்லாவற்றிலும் வழி இருக்கிறது. இவை பெரும்பாலும் யூனிகோடின் பொது விதியைப் பின்பற்றுபவை. அந்த விதியில் 2023-இல் வந்த 15.1 பதிப்பு தேவநாகரி, மலையாளம் போன்ற சிலவற்றுக்குக் கூட்டெழுத்தைச் சேர்த்தே ஓர் எழுத்தாக எண்ணச் சொன்னது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. சரியான முடிவு. ‘அப்பா’வில் ப்-உம் பா-வும் தனித்தனி எழுத்து என்பது நம் இலக்கணம். ஆனால் அதே காரணத்தால் ஸ்ரீ இங்கேயும் இரண்டாகத்தான் பிரியும். எந்த நூலகத்தை எடுத்தாலும் ஸ்ரீ-க்கு ஒரு டெஸ்ட் எழுதிவிட்டு எடுங்கள்.

இந்த வழியின் குறை, வெட்டிய விடை டேட்டாபேஸுக்குத் தெரியாது என்பது. அறிக்கை எடுக்கிறவர் நேரடியாகக் குவெரி போட்டால் மறுபடி ‘உ.வ.ச.’ தான். என் அனுபவத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் நேரடியாகக் குவெரி போடும் ஒருவர் நிச்சயம் இருப்பார், அவருடைய எக்செல் தான் மேலதிகாரி மேசைக்குப் போகும்.

நான்காவது வழி, முன்னெழுத்தைத் தனி ஃபீல்டாக வைத்து ஆளிடமே கேட்டுவிடுவது. திரு.வி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் விருத்தாசலம் கல்யாணசுந்தரம். வெறும் சப்ஸ்ட்ரிங் ‘த.வ.க.’ என்னும். என் ரெஜெக்ஸ் ‘தி.வி.க.’ என்னும். ‘திரு.வி.க.’ என்று எந்த ஃபங்ஷனும் சொல்லாது, அது அவருடைய விருப்பம், எழுத்தின் விதி இல்லை. தந்தை பெயரோடு தாய் பெயரின் எழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள், ஊர்ப்பெயரை முன்னால் வைப்பவர்கள், தமிழிலும் ‘எஸ்.’ என்று ஆங்கில முன்னெழுத்தையே எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

பட்டியலில் நீளமான பெயரைச் சுருக்கிக் காட்டுவது பற்றியும் கேட்பீர்கள். அதற்கு நான்கில் எதுவும் வேண்டாம். ‘ஞௌ’ பிடிக்கும் இடத்தில் மூன்று ‘ர’ நிற்கும். எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பது உலாவிக்கு மட்டுமே தெரியும், மூன்று புள்ளி வைக்கும் வேலையை, வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது

அட்டைத் திட்டத்தில் முன்னெழுத்து தனி ஃபீல்டாகிவிட்டது. பதிவுப் படிவத்தில் தந்தை பெயரைத் தட்டியதும் ரெஜெக்ஸ் ஒரு பரிந்துரையை நிரப்பும், உறுப்பினர் அதை மாற்றலாம். பழைய பதிவுகளுக்கு அதே ரெஜெக்ஸை ஒருமுறை ஓட்டி நிரப்பினோம். அறிக்கைக்காரரும் அந்த ஃபீல்டையே எடுக்கிறார். அகரவரிசைத் தலைப்புக்கு மட்டும் பழைய சப்ஸ்டர், அதன் மேல் இன்டெக்ஸ்.

டெஸ்ட் என்பது ஒரு சின்ன அட்டவணை: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வர வேண்டிய விடை. குவெரி இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத வரியை மட்டும் காட்டும். பிஜிடேப் போன்ற டெஸ்ட் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்த அளவுக்கு வெறும் எஸ்க்யூஎல் போதும். ஒப்பிடும்போது சமக்குறியை மட்டும் நம்புவதில்லை. கொலேஷன் சில வேறுபாடுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், ஆகவே இரண்டு பக்கத்தின் பைட்டுகளையும் ஹெக்ஸ் எண்களாக மாற்றிவிட்டு ஒப்பிடுகிறேன்.

அட்டவணையில் கந்தசாமி இன்னும் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. கோவிந்தன், சேர்ந்து எழுதிய பொன்னி, பிரித்து எழுதிய பொன்னி, ஔவை, இடைவெளியோடு தொடங்கும் முருகேசன், இணைப்பான் ஒட்டிய லட்சுமி, ஸ்ரீதர் இரண்டு வகை, அகர மெய்யில் முடியும் ஒரு பெயர், ஒரே எழுத்தாலான ‘பூ’, வெற்றுச் சரம், நல். கூடவே 0, -1 என்ற இடங்களும், சொல்லின் நீளத்தைத் தாண்டிய ஓர் இடமும். பதிப்பை உயர்த்தும்போதெல்லாம் முதலில் இதை ஓட்டுகிறேன், ஒரு நொடி கூட ஆவதில்லை. உ.வே.சா. மூன்று வரியாக இருக்கிறார், மூன்றும் பச்சை. திரு.வி.க.வுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். அதில் வர வேண்டிய விடையாக ‘தி’ என்றே எழுதி, பக்கத்தில் ‘ஆளிடம் கேள்’ என்று குறிப்பு போட்டிருக்கிறேன்.